கதவைத் தட்டிய சிறுமிகள்

1930-ஆம் வருஷத்தில் ஒரு நாள், சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் வீட்டு வாசலில் சில சிறுமிகள் வந்து நின்றார்கள். தேவதாசிக் குலத்திலே பிறந்தவர்கள். பொட்டுக் கட்டிக் கொண்டு தாயார் சென்ற வழியிலே செல்ல அவர்களுக்கு மனமில்லை. சட்டசபையிலே தங்களுக்காகப் பரிந்து பேசிய அம்மையாரை விட்டால் வேறு கதியில்லை என்று நம்பி வந்துவிட்டார்கள். டாக்டரம்மாள் அவர்களை நகரத்திலிருந்த மாணவியர் விடுதியில் சேர்ப்பிக்க முயன்றார். பிறந்த குலம் இன்னதென்று தெரிந்ததும் விடுதிக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். மற்றப் பெண்களின் பெற்றோர் என்ன சொல்வார்களோ என்ற அச்சம் போலும்! முடிவில் அம்மையார் தம்முடைய வீட்டிலேயே அக்குழந்தைகளுக்கு இடம் கொடுத்தார். ஒளவை இல்லம் என்னும் ஸ்தாபனம் தோன்றிய வரலாறு இதுதான்.

இதிலே ஒரு விசித்திரத்தை நேயர்கள் கவனிக்க வேண்டும். தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டசபையில் தீர்மானம் கொண்டு வந்தவர் அந்த அம்மையார். ஒரு மசோதாவை நிறைவேற்றியவர். இரண்டாவது மசோதாவையும் பிரேரேபித்தவர். அப்படியிருந்தும், அவருடைய வாசலில் வந்து நின்ற குழந்தைகளுக்கு ஒரு பாயும் ஒரு வேளைச் சோறும் அளிக்கும்படி எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. சட்டம் செய்தவரே அடுப்பையும் மூட்ட வேண்டி வந்தது. விபசார வியாபாரத்தை ஒடுக்குவதற்கென்று நம் தேசத்தில் ஏறக்குறைய நூறு வருஷ காலமாகச் சட்டங்கள் வந்து கொண்டிருக்கின்றன. அவற்றின் பெயர்களையும் பிரிவுகளையும் வக்கீல்கள் அறிவார்கள். நாம் கேட்க விரும்புவது வேறு கேள்வி: அந்த வியாபாரத்திலிருந்து வெளியே வந்த பெண்ணின் கையிலே இச்சட்டங்கள் எதைக் கொடுத்தன?

குடும்பத்தார் அனைவரும் கூடிப் படிக்கும் பத்திரிகையில் இவ்விஷயத்தைப் பிரஸ்தாபிக்கலாமா என்று சிலர் முகஞ் சுளிக்கக் கூடும். 1927-இலும் அப்படித்தான் சொன்னார்கள். கௌரவமான வீடுகளில் பேசப்படாத காரணத்தினாலேயே பல காரியங்கள் நம் நாட்டில் வெகு சௌகரியமாக நடந்து வந்திருக்கின்றன. மேலும், அந்த வியாபாரத்திற்குப் பணம் கொடுக்கிற ஆடவர்கள் ஆகாயத்திலிருந்து குதிப்பவர்களல்லர். அவர்களும் ஏதோ ஒரு குடும்பத்திலிருந்துதான் புறப்பட்டுப் போகிறார்கள்.

முத்துலட்சுமி அம்மையார் 1886-ஆம் வருஷம் புதுக்கோட்டையில் பிறந்தவர். தந்தையார் நாராயணசாமி ஐயர், அவ்வூர் மகாராஜா கல்லூரியில் தலைமை ஸ்தானம் வகித்தவர். தாயார் சந்திரம்மாள் தேவதாசிக் குலத்தைச் சேர்ந்தவர். ஆண் பிள்ளைகள் மட்டுமே படித்து வந்த அந்தக் கல்லூரியில் மகாராஜாவின் அனுமதியால் இடம் பெற்று, பிறகு சென்னை வைத்தியக் கல்லூரியில் சேர்ந்து, 1912-இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1927-இல் சென்னைச் சட்டசபையின் உபதலைவரானார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டசபை அங்கத்தினரான முதல் பெண்மணி அவரே. தாயின் குலத்துக் கதையைப் புத்தகத்தில் படித்து அறிய வேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை.

தேவதாசி முறையையும் விபசாரத்தையும் ஒன்றாகக் கருதுவது பிசகு. ஆடலும் பாடலும் அக்குலத்துப் பெண்களால்தான் பல நூற்றாண்டுகள் காப்பாற்றப்பட்டு வந்தன. கோயிலில் அவர்களுக்கு மரியாதை உண்டு, சொத்துரிமை உண்டு, மற்றக் குலத்து ஸ்திரீகளுக்குக் கிட்டாத கல்வியும் உண்டு. எனினும் விவரம் அறியாத வயதிலே சடங்கு நடத்தி, இன்ன கனவானுக்கு என்று பெரியவர்கள் பேசி முடித்துவிடுவதும், அந்தக் கனவானின் பிரியம் தீர்ந்த பிறகு நிராதரவாக நிற்பதும் அதே முறையின் மறு பக்கமாக இருந்தன. கோயில் வருமானமும் ஜமீன்தார்களின் ஆதரவும் க்ஷீணித்து வந்த காலத்தில், இந்த மறு பக்கமே பெரிதாக வளர்ந்து விட்டது. பட்டணத்துத் தரகர்களுக்கு அது வசதியான வாசலாயிற்று.

1927 நவம்பரில் அம்மையார் சட்டசபையில் கொண்டு வந்த தீர்மானம், பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடுவதைத் தடுக்கச் சட்டம் செய்யும்படி சர்க்காரைக் கேட்டுக் கொண்டது. தீர்மானம் நிறைவேறியது. ஆனால் அதன் பின் அம்மையார் செய்த வேலையே நம் கவனத்திற்கு முக்கியமானது. நேரே தடை விதிக்கும் மசோதாவை அவர் முதலில் கொண்டு வரவில்லை. ஹிந்து அறநிலையச் சட்டத்திற்கு ஒரு திருத்தம் கொண்டு வந்தார். அதன் விஷயம் நிலம்.

இதைச் சற்று விளக்க வேண்டும். கோயில் ஊழியத்திற்காகத் தாசிகளுக்கு இனாம் நிலம் விடப்பட்டிருந்தது. ஊழியம் நடக்கிற வரையில்தான் நிலத்தின் பலன். தாயார் வயோதிகமடைந்தால், பெற்ற பெண்ணோ சுவீகாரம் எடுத்த பெண்ணோ பொட்டுக் கட்டிக் கொண்டு அந்த ஸ்தானத்திற்கு வர வேண்டும். இல்லாவிடில் நிலம் கைவிட்டுப் போய்விடும். ஒரு தாய் தன் மகளுக்குக் கல்யாணம் செய்து கொடுக்க எவ்வளவுதான் ஆசைப்பட்டாலும், அந்த ஆசைக்கு விலையாக வீட்டாரின் சோற்றையே கொடுக்க வேண்டியிருந்தது. 1929-இல் நிறைவேறிய திருத்தம் இந்த முடிச்சை அவிழ்த்தது. ஊழியம் என்ற நிபந்தனை நீங்கியது. நிலம் அந்தப் பெண்ணிடமே நின்றது. மகளைப் பொட்டுக் கட்ட வேண்டிய நிர்ப்பந்தம் சோற்றிலிருந்து பிரிக்கப்பட்டது.

இத்துறையில் நம் தேசத்தில் ஏற்பட்ட சட்டங்களில் மிகவும் புத்திசாலித்தனமானது இதுவே என்பது நம் அபிப்பிராயம். தண்டனையைப் பற்றிப் பேசாமல், பிழைப்பைப் பற்றிப் பேசிய சட்டம் அது. அதன் குறையும் அதிலேயே இருந்தது. நிலம் இருந்தவர்களுக்கு அது விடுதலை. நிலம் இல்லாதவர்களுக்கு அது ஒன்றுமில்லை. அம்மையாரின் வாசலிலே வந்து நின்ற சிறுமிகளைப் போன்றவர்களுக்கு இனாம் ஏது, பட்டா ஏது?

எதிர்ப்பு பல திசைகளிலிருந்தும் வந்தது. நம் தேசபக்தர் சத்தியமூர்த்தியவர்களே சட்டசபையில் சம்பிரதாயத்தின் பேரால் இதை எதிர்த்தார் என்பதை மறைப்பதற்கில்லை. சுயராஜ்யத்திற்காகச் சிறை சென்ற ஒரு பெரியவர் இந்த ஒரு விஷயத்தில் தவறான பக்கத்தில் நின்றார். காந்தியடிகளோ அம்மையாரின் முயற்சியை மனப்பூர்வமாக ஆதரித்தார். 1921-ஆம் வருஷத்திலேயே கிழக்கு வங்காளத்துப் பாரிசால் நகரில் விபசாரத் தொழிலில் இருந்த பெண்களைச் சந்தித்துப் பேசி, ராட்டையைக் கைக்கொள்ளும்படி அவர் சொன்னதுண்டு. யோசனை உத்தமமானதுதான். ஆனால் நூல் நூற்றுக் கிடைக்கும் சில அணாக்களைக் கொண்டு வீட்டு வாடகையும் குழந்தைக்குப் பாலும் வாங்க முடியுமா என்ற கேள்வி, ராட்டைக்குப் பின்னர் வந்த எல்லா யோசனைகளையும் துரத்திக் கொண்டே வந்திருக்கிறது.

சம்பந்தப்பட்ட பெண்களிலிருந்தே ஆட்சேபம் எழுந்தது. பெங்களூர் நாகரத்தினம்மாள் முதலிய பிரசித்தி பெற்ற கலைஞர்கள் மசோதாவை எதிர்த்து விண்ணப்பம் செய்தார்கள். தங்களை விபசாரிகளோடு ஒன்றாகச் சேர்க்கலாகாது என்றும், தடை வேண்டாம், கல்வி கொடுங்கள் என்றும் அவர்களுடைய சங்கம் வாதாடியது. சீர்திருத்தக்காரர்கள் அந்த விண்ணப்பத்தைச் சுயநலம் என்று தள்ளிவிட்டார்கள். அவ்வளவு அவசரமாகத் தள்ளியிருக்க வேண்டியதில்லை. தடையிலே அவர்கள் சொன்னது தவறாயிருக்கலாம். கல்வி கேட்டதிலே தவறு ஏதும் இல்லை.

அதே குலத்திலிருந்து வேறு ஒரு குரலும் கிளம்பிற்று. மூவலூர் இராமாமிர்தத்தம்மையார் தாமே அந்த முறையிலிருந்து விலகி, விவாகம் செய்து கொண்டு, மாயவரம் பிரதேசத்து ஊர்களில் அதை எதிர்த்துப் பிரசாரம் செய்தவர். முதலில் காங்கிரஸிலும் பிறகு சுயமரியாதை இயக்கத்திலும் உழைத்தார். 1936-இல் 'தாசிகள் மோசவலை' என்ற நாவலை எழுதி வெளியிட்டார். கட்சி எதுவாயினும், உள்ளேயிருந்து வெளியே வந்தவர் சொல்லும் சொல்லுக்கு ஒரு தனி எடை இருக்கிறதல்லவா?

1930 ஜனவரியில் பொட்டுக் கட்டுவதை அடியோடு தடுக்கும் மசோதாவை முத்துலட்சுமி அம்மையார் கொண்டு வந்தார். அவ்வருஷத்திலேயே உப்புச் சத்தியாக்கிரகம் எழுந்தது. காந்தியடிகள் சிறை வைக்கப்பட்டதைக் கண்டித்து அம்மையார் சட்டசபைப் பதவியை ராஜினாமா செய்துவிட்டார். பதவி போயிற்று, மசோதாவும் ஆதரவற்று நின்றது. 1937-இல் ஏற்பட்ட காங்கிரஸ் மந்திரிசபையின் காலத்திலும் அது கரையேறவில்லை. சுதந்திரம் வந்த 1947-இல், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரின் மந்திரிசபை நடந்த காலத்தில்தான், தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. தீர்மானத்திலிருந்து சட்டம் வரை இருபது வருஷம்! அந்த இருபது வருஷத்தின் பெரும் பகுதியில், சட்டத்திற்காகக் காத்திராமல் நடந்து கொண்டிருந்தது ஒளவை இல்லம்.

இல்லத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1936-இல் அது அடையாற்றுக்கு மாறியது. ஒளவைப் பாட்டியின் பெயரை அதற்கு இட்டதிலே ஒரு நுட்பம் உண்டு. விவாகமும் குலமும் கேளாமல், கல்வியினாலேயே தமிழர் தலைவணங்கும் பெண் ஒருத்தி இருந்தாளல்லவா? தாசிக் குலத்துக் குழந்தைகளுக்காக ஆரம்பித்த இடம், நாளடைவில் அநாதைக் குழந்தைகளுக்கும், கைவிடப்பட்ட பெண்களுக்கும், ஏழைச் சிறுமிகளுக்கும் பொதுவாயிற்று. இது மிகப் பெரிய காரியம். 'இன்னாருக்கான இல்லம்' என்று பலகை மாட்டினால், வாசலைத் தாண்டும்போதே அந்தப் பெண்ணின் முதுகில் முத்திரை குத்தியதாகும். எல்லாப் பெண்களும் படிக்கும் பள்ளிக்கூடத்தில் இவளும் படித்தால், இவள் மாணவி, அவ்வளவுதான். இல்லத்தோடு பள்ளிக்கூடமும், ஆசிரியப் பயிற்சிப் பள்ளியும் வளர்ந்தன. ஆசிரியத் தொழில் என்பது அக்காலத்தில் ஒரு பெண் தலை நிமிர்ந்து சம்பாதிக்கக் கூடிய சில தொழில்களில் ஒன்று. நாமும் அத்தொழிலில் இருப்பதால் இதைச் சற்றுப் பெருமையோடு சொல்லிக் கொள்கிறோம்.

இனி, கோயிலோடு சம்பந்தமில்லாத, பட்டணத்து விபசார வியாபாரத்தைப் பற்றிய சட்டங்களுக்கு வருவோம். பம்பாயிலும் கல்கத்தாவிலும் 1923-இலும், சென்னை ராஜதானியில் 1930-இலும் இதற்கென்று சட்டங்கள் ஏற்பட்டன. விடுதி நடத்துகிறவர்களையும் தரகர்களையும் தண்டிப்பது அவற்றின் நோக்கம். சுதந்திரத்திற்குப் பிறகு அரசியல் சாசனத்தின் 23-ஆவது ஷரத்து மனிதரை விற்று வாங்குவதைத் தடை செய்தது. 1956-இல் தேசம் முழுவதற்குமான சட்டம் பிறந்தது. 1986-இல் அது திருத்தப்பட்டு, 'ஒழுக்கக்கேடான வியாபாரத் தடுப்புச் சட்டம்' என்ற பொருள்படும் இப்போதைய பெயரைப் பெற்றது.

இச்சட்டத்தின்படி விபசாரம் தன்னளவில் குற்றமன்று. விடுதி நடத்துவதும், பிறத்தியாள் சம்பாத்தியத்தில் வாழ்வதும், பெண்ணைக் கொண்டு வந்து சேர்ப்பதும், அடைத்து வைப்பதும் குற்றம். இது வரையில் சரிதான். ஆனால் எட்டாவது பிரிவைப் பாருங்கள். பொது இடத்தில் நின்று அழைப்பது குற்றம் என்கிறது அது. பெண் செய்தால் முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறு தடவை ஒரு வருஷம் வரை சிறை. அதே குற்றத்தை ஆண் செய்தால்? ஏழு நாளுக்குக் குறையாமல், மூன்று மாதம் வரை. இந்த வித்தியாசத்துக்கு நியாயம் என்னவென்று எவ்வளவு யோசித்தும் நமக்குப் புலப்படவில்லை.

சட்டத்தின் பதினேழாவது பிரிவு மீட்கப்பட்ட பெண்ணைப் பற்றியது. போலீஸார் விடுதியில் புகுந்து பெண்களை மீட்டால் அவர்களை மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்த வேண்டும். மாஜிஸ்திரேட் விசாரணை நடத்துவார். மதிப்பிற்குரிய ஐவரை, கூடுமான வரையில் அவர்களில் மூவர் பெண்களாக, உதவிக்கு அழைத்துக் கொள்ளலாம். விசாரணையின் முடிவில் அந்தப் பெண்ணுக்குப் பாதுகாப்பு வேண்டுமென்று தோன்றினால், ஒரு வருஷத்துக்குக் குறையாமலும் மூன்று வருஷத்துக்கு மேற்படாமலும் பாதுகாப்பு இல்லத்தில் வைக்க உத்தரவிடலாம். 1929-ஆம் வருஷத்துச் சட்டம் பெண்ணுக்கு நிலத்தைக் கொடுத்தது. இந்தச் சட்டம் மூன்று வருஷம் வரை ஒரு பூட்டிய வாசலைக் கொடுக்கிறது. குற்றம் செய்யாதவள் என்று சட்டமே ஒப்புக் கொண்ட ஒருத்தியை, அவளுடைய இஷ்டத்தைக் கேளாமல் மதிற்சுவருக்குள் வைப்பதற்குப் பாதுகாப்பு என்று பெயர்.

அதற்காக இல்லங்களே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மீட்பு நடந்த அன்றிரவு ஒரு பெண்ணுக்குப் பத்திரமான இடம் எவ்வளவு அவசியம் என்பதைப் பம்பாய் ஹைகோர்ட்டில் நடந்த ஒரு வழக்கு காட்டுகிறது. போலீஸார் மீட்டு வந்த சிறுமிகளை விடுவித்துத் தரும்படி, விடுதிக்காரர்களுக்காக ஆஜரான வக்கீலே அச்சிறுமிகளின் பெயராலும் மனுப் போட்டார். ஆட்டைக் காப்பாற்ற ஓநாய் வக்காலத்து வாங்கியது போலத்தான். 'பிரேரணா' என்னும் தொண்டு ஸ்தாபனம் இதை எதிர்த்து வழக்காடிற்று. 2002-இல் தீர்ப்பு வந்தது: விடுதிக்காரருக்கு ஆஜராகும் வக்கீல் அவ்வழக்கில் மீட்கப்பட்டவர்களுக்காக ஆஜராகக் கூடாது, பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களைக் குற்றவாளிகளாக அன்றிப் பராமரிப்பு வேண்டிய குழந்தைகளாகவே நடத்த வேண்டும்.

இந்தப் பிரேரணா ஸ்தாபனத்தின் மற்றொரு வேலையையும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும். பம்பாயில் காமாட்டிபுரம் என்னும் பேட்டையில், 1988-இல், இரவு நேரக் குழந்தைகள் காப்பகம் ஒன்றை அவர்கள் ஆரம்பித்தார்கள். தாயின் தொழில் இரவில் நடப்பது. அந்த நேரத்தில் குழந்தை எங்கே போகும்? தெருவில் திரியும், இல்லாவிட்டால் கட்டிலுக்கு அடியில் படுத்திருக்கும். பகலில் திறக்கும் பாலர் பள்ளியால் அந்தக் குழந்தைக்கு என்ன பிரயோஜனம்? மாலையில் வந்து, உண்டு, பாடம் படித்து, உறங்கி, காலையில் பள்ளிக்கூடம் போகும்படி ஏற்பாடு செய்தார்கள். தரகனுடைய கண் அடுத்த தலைமுறையின் மீது விழும் நேரம் இரவு என்பதை உணர்ந்தவர்களுக்குத்தான் இப்படிப்பட்ட யோசனை தோன்றும். பிரமாதமான கட்டிடம் வேண்டியதில்லை. எந்த நேரத்தில் கதவைத் திறப்பது என்று தெரிந்திருந்தால் போதும்.

வெளியே வந்த பெண்கள் ஏன் மறுபடியும் அங்கேயே போகிறார்கள் என்று சிலர் கேட்பதுண்டு. கேட்கும் தொனியில் ஒரு ஏளனமும் இருக்கும். கடன் என்பது பாதி விடை. பெண்ணைக் கொண்டு வந்த தரகனுக்குக் கொடுத்த பணம், துணி வாங்கிய பணம், வைத்தியச் செலவு எல்லாம் அவள் கணக்கில் ஏறி, வட்டியும் சேர்ந்து, அவள் சம்பாதித்தது முழுவதும் அதற்கே போகும். 1976-இல் வந்த கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி இத்தகைய கடன் செல்லாது. 2016-இல் மத்திய சர்க்கார் வகுத்த கொத்தடிமை மறுவாழ்வுத் திட்டத்தில், விபசார விடுதி முதலிய இடங்களிலிருந்து மீட்கப்பட்ட பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 3 லட்ச ரூபாய் என்று நிர்ணயம் செய்தார்கள். கேட்கும்போது சந்தோஷமாயிருக்கிறது. ஆனால் உடனே கிடைக்கக் கூடியது 20,000 ரூபாய் வரையில்தான் என்றும், முழுத் தொகையும் குற்றவாளி தண்டிக்கப்படுவதைப் பொறுத்தது என்றும் நிபந்தனை இருந்தது. உடனடி உதவி பிற்பாடு 30,000 ஆக உயர்ந்தது. குற்றவாளி தண்டிக்கப்படுவது அவள் கையிலா இருக்கிறது? சாட்சி கலையலாம், தரகன் ஜாமீனில் போய்த் தலைமறைவாகலாம், வழக்கு வருஷக் கணக்கில் இழுக்கலாம். அது வரையில் அவளுடைய அடுப்பு எரிய வேண்டாமா?

குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்கு சர்க்காரே நஷ்டஈடு கொடுக்கும் ஏற்பாடு 2009 முதல் சட்டத்தில் இருக்கிறது. குற்றவாளி அகப்படாமற் போனாலும் இதைக் கோரலாம் என்பது இதன் விசேஷம். ஜில்லாதோறும் உள்ள சட்ட உதவிக் குழுவிடம் மனுச் செய்ய வேண்டும். விபசார வியாபாரத்தில் சிக்கியவர்களுக்கென்றே தேசியச் சட்ட உதவி ஸ்தாபனம் 2015-இல் தனித் திட்டமும் வகுத்திருக்கிறது. வக்கீல் பீஸ் கிடையாது. ஆனால் இப்படியொன்று உண்டு என்பதே மீட்கப்பட்ட பெண்களில் அநேகருக்குத் தெரிவதில்லை. நேயர்களில் வக்கீல்கள் இருந்தால் இந்த வேலைக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம் என்று நாம் விண்ணப்பித்துக் கொள்கிறோம்.

உஜ்வலா என்ற பெயரில் 2007-இல் மத்திய சர்க்கார் ஆரம்பித்த மறுவாழ்வு இல்லங்கள், 2022-இல் வேறு இல்லங்களோடு சேர்க்கப்பட்டு 'சக்தி சதன்' என்ற பெயரைப் பெற்றன. பெயர் மாற்றத்தில் நமக்குச் சிரத்தையில்லை. இத்தகைய இல்லங்களில் கற்றுக் கொடுக்கும் தொழிலைப் பற்றித்தான் ஒரு வார்த்தை. தையல், ஊறுகாய், அப்பளம், மெழுகுவர்த்தி - மறுவாழ்வு என்றதும் நம்மவர்களுக்கு ஞாபகம் வருவது இவ்வளவே. தையல் மெஷின் கேவலமான சாமான் அல்ல. ஆயினும் ஒரு தெருவில் எத்தனை தையற்காரர் பிழைக்க முடியும்? வெளியே போய் நின்றவுடன் மாத வாடகை கொடுக்கும்படியான தொழில் எது என்று அந்தப் பெண்ணையே கேட்டுவிட்டுப் பயிற்சியைத் தீர்மானித்தால் என்ன?

அவர்களையே கேட்க வேண்டும் என்ற நியாயத்தை உயர்ந்த நீதிமன்றமும் ஒப்புக் கொண்டிருக்கிறது. 1999-இல் கல்கத்தாவில் இத்தொழிலில் இருந்த ஒரு பெண் அடித்துக் கொல்லப்பட்டாள். கொலைகாரனின் அப்பீல் 2011-இல் சுப்ரீம் கோர்ட்டில் தள்ளுபடியாயிற்று. அதோடு நிற்காமல், இத்தகைய பெண்களின் நிலைமையை ஆராயக் கோர்ட்டு ஒரு குழுவை நியமித்தது. கடத்தலைத் தடுப்பது, விலக விரும்புகிறவர்களுக்கு மறுவாழ்வு, விலகாதவர்களும் கௌரவமாக வாழ வழி என்பன குழுவின் முன் வைக்கப்பட்ட விஷயங்கள். கொள்ளை நோய்க் காலமான 2020-இல், ரேஷன் கார்டு இல்லாவிட்டாலும் அவர்களுக்கு உணவுப் பொருள் கொடுக்கும்படி உத்தரவாயிற்று. 2022 மே 19-ஆம் தேதி பிறப்பித்த உத்தரவுகளில் சிலவற்றை மட்டும் சொல்கிறோம்: பலாத்காரத்திற்கு ஆளான பெண், இத்தொழிலில் உள்ளவளாயினும், மற்ற எந்தப் பெண்ணுக்கும் உள்ள வைத்திய உதவியைப் பெற வேண்டும்; மீட்பு நடவடிக்கைகளின்போது பத்திரிகைகள் பெண்களின் பெயரையோ படத்தையோ வெளியிடலாகாது; பாதுகாப்பு இல்லங்களைப் பரிசீலனை செய்து, இஷ்டத்துக்கு விரோதமாக வைக்கப்பட்டிருக்கும் வயது வந்த பெண்களை விடுவிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். அந்தப் பூட்டிய வாசலை உயர்ந்த நீதிபதிகளே தட்டிப் பார்த்த தினம் அது.

இத்தொழிலையும் ஒரு வேலையாகவே மதிக்க வேண்டும் என்பாரும், அது எவ்வகையிலும் அடிமைத்தனமே என்பாரும் இன்று இரு கட்சியாக இருக்கிறார்கள். நாம் இரண்டாவது கட்சியின் பக்கம் சாய்கிறவர்கள். ஆயினும் கல்கத்தாவில் சோனாகாச்சிப் பெண்கள் 1995-இல் தாங்களே ஒரு கூட்டுறவுச் சங்கம் ஏற்படுத்திச் சேமிக்கவும் கடன் பெறவும் வழி செய்து கொண்ட செய்தியைக் கேட்டால், எந்தக் கட்சியைச் சேர்ந்தவரும் சற்று யோசிக்கத்தான் வேண்டும். லேவாதேவிக்காரனின் பிடி தளர்ந்தவளுக்குத்தானே விலகிப் போகவும் தைரியம் வரும்?

நம் தமிழ் நாட்டில், மூவலூர் இராமாமிர்தத்தம்மையாரின் பெயரால் 1989-இல் ஒரு சர்க்கார் திட்டம் ஏற்பட்டது. ஏழைப் பெண்களின் விவாகத்திற்கு உதவி செய்யும் திட்டம். 2022-இல் அதை மாற்றி, சர்க்கார் பள்ளிகளில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த பெண்கள் மேற்படிப்புப் படிக்க மாதம் 1,000 ரூபாய் என்று ஆக்கினார்கள். கல்யாணத்துக்குக் கொடுத்த பணம் கல்லூரிக்குப் போயிற்று. 1928-இல் தாசிகளின் சங்கம் கல்வி கேட்டு எழுதிய விண்ணப்பம் நமக்கு அப்போது நினைவுக்கு வந்தது.

ஆனால் கல்லூரிக்கு முன்னால் பள்ளிக்கூடம் இருக்கிறது. பள்ளிக்கூடத்திற்கு முன்னால் அட்மிஷன் ரிஜிஸ்தர் இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன் ஜூன் மாதத்தில் ஒரு நாள், நாம் வேலை பார்த்த பள்ளியில் ஒரு தாய் தன் மகளைச் சேர்க்க வந்தாள். குமாஸ்தா ஒவ்வொரு கட்டமாகக் கேட்டு எழுதிக் கொண்டே வந்து, தந்தை பெயர் என்ற இடத்தில் நிறுத்தினார். அவள் பதில் சொல்லவில்லை. அவர் உரக்க மறுபடியும் கேட்டார். பின்னால் வரிசையில் நின்ற பெற்றோர்களின் பேச்சு அடங்கிவிட்டது. அந்தத் தாய் குழந்தையின் கையைப் பிடித்துக் கொண்டு, நாளைக்கு வருகிறேன் என்று சொல்லித் திரும்பினாள். நாளைக்கு வரமாட்டாள் என்பது நமக்குத் தெரியும். அவள் எந்தத் தெருவிலிருந்து வருகிறாள் என்பதும் அங்கிருந்தவர்களில் சிலருக்குத் தெரிந்திருந்தது. அதுதான் மௌனத்தின் காரணம்.

பாஸ்போர்ட்டுக்குத் தாய் தந்தையரில் ஒருவர் பெயர் போதும் என்று 2016-இலேயே விதி மாறிவிட்டது. கடல் கடந்து போகிறவர்களுக்குத் தகப்பன் பெயர் தேவையில்லை. மூன்றாம் வகுப்பில் சேருகிற குழந்தைக்குத் தேவையா என்று தலைமையாசிரியரிடம் கேட்டோம். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக் கொண்டே சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "அந்த அம்மாளைக் கூப்பிடுங்கள், ஸார்" என்றார். கேட்டிற்கு வெளியே கொய்யாப்பழம் விற்கிறவளிடம் மகளுக்கு ஏதோ வாங்கிக் கொண்டிருந்தாள் அவள். அழைத்து வந்தோம். தந்தை பெயர் என்ற கட்டத்தில் குமாஸ்தா ஒரு சிறு கோடு கிழித்தார். தாயின் பெயரை அடுத்த கட்டத்தில் தெளிவாக எழுதினார். குழந்தையின் பெயருக்கு முன் தாயின் முதலெழுத்தைப் போட்டார். அவ்வருஷம் மேலதிகாரிகள் வந்து ரிஜிஸ்தரைப் பரிசோதித்தார்கள். அந்தக் கோட்டைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.